கண்ணாடிமேல் போட்ட சிலுவை

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
09 பெப்ரவரி 2025

அன்புள்ள அஞ்சலினாவுக்கு,

ஒளித்தெறிப்புப் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், பூரணி என்ற மாணவி எழுந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "சேர், ஒராளை நாங்கள் பாக்கிறது அவருக்குத் தெரியாமப் பாக்கிறதுக்கு ஏதும் கண்ணாடி இருக்கா?" வகுப்பே சிரித்தது. யாரை அப்படிப் பார்க்கப் போகிறாள் என்று பின்வாங்கில் ஒருவன் கேட்டான். நான் கைக்கண்ணாடியை மேசையில் வைத்து இரண்டு பிள்ளைகளை இரண்டு பக்கமும் நிறுத்திக் காட்டினேன். கண்ணாடியில் நீ அவளுடைய கண்ணைக் கண்டால், அவளும் அதே கண்ணாடியில் உன் கண்ணைக் காண்பாள். ஒளி போன வழியால் திரும்பியும் வரும். ஆகவே அப்படி ஒரு கண்ணாடி இல்லை என்றேன்.

ஓய்வு பெற்ற பிறகும் அது சரியான பதில் என்றுதான் இருந்தேன். இப்போது அந்தக் கண்ணாடி எல்லோருடைய சட்டைப்பையிலும் கிடக்கிறது. பூரணியை எங்கேயாவது கண்டால் பதிலைத் திருத்திச் சொல்ல வேண்டும்.

நான் ஏன் போனை எடுப்பதில்லை என்று ஊரில் பலரிடம் விசாரித்திருக்கிறீர். நேற்று ஸெய்னுதீன் மாஸ்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். கதிரையில் உட்காரவும் இல்லை.

"மாஸ்டர், உங்கட மனிசி என்ர போனுக்கு எடுத்து அழுகிறா. நான் கணக்குப் படிப்பிச்சவன். அழுகிற ஆக்களோட கதைக்க எனக்குத் தெரியாது."

"சுகமாயிருக்கிறார் எண்டு சொல்லிவிடுங்கோ."

"அதை உங்கட வாயால சொன்னா என்ன, பல்லு விழுந்திருமோ?"

போனில் சொல்ல எனக்கு ஏலாது. அதனால் எழுதுகிறேன். கடிதம் என்றால் நீர் தனியாக இருந்து வாசிக்கலாம்.

நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, டிசம்பரில், நான் போனில் உமக்குச் சிலுவை போடுவதை மகள் லதுஷா தன் சமையல் வீடியோப் பக்கத்தில் போட்டாள் அல்லவா? ஒரு மாதம் அது எனக்குத் தெரியாது. மீன் சந்தையில் பாரை வாங்கக் குனிந்தபோது, இராசையா கத்தியைக் கீழே வைத்துவிட்டு நெற்றியை நீட்டினான். "மாஸ்டர், எனக்கும் ஒண்டு போட்டு விடுங்கோ. என்ர மனிசியின்ர லைனும் கட் ஆகட்டும்!" சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு விளங்கவில்லை. இராசையாதான் தன் போனில் காட்டினான்.

முதலில் என் முகம். பிறகு என் பெருவிரல், ஒரு வாழைப்பழம் அளவில். அது மேலிருந்து கீழே வருகிறது. திரை கறுக்கிறது. பிறகு உமது சிரிப்பு. கீழே லதுஷா எழுதியிருக்கிறாள்: "எங்கட அப்பா அம்மாவை ஆசீர்வதிச்சு ஒவ்வொரு நாளும் தானே லைனைக் கட் பண்ணுவார்."

அஞ்சலினா, நான் நெடுங்கோட்டை இழுக்கும்போது விரல் அடியில் உள்ள சிவப்புப் பொத்தானில் போய் முடிந்திருக்கிறது. அதை அன்றுதான் அறிந்தேன். சிலுவையை வாங்கிக்கொண்டு, போகிறேன் என்று சொல்லாமல் நீர்தான் மெல்லப் போனை வைத்துவிடுகிறீர் என்று இவ்வளவு நாளும் எண்ணியிருந்தேன். அதை உமது அடக்கம் என்று நினைத்து மகிழ்ந்தும் இருக்கிறேன். குறுக்குக்கோட்டை நான் ஒவ்வொரு நாளும் கறுத்த கண்ணாடிக்குத்தான் போட்டிருக்கிறேன். அரைச் சிலுவைதான் உமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை?

அடுத்த ஞாயிறு பூசையில் பாதர் பிரசங்கத்திலும் அதை எடுத்தார். "நம் பங்கில் ஒரு தம்பதி, கடல் கடந்தும்..." என்று தொடங்கினார். முன்வாங்குக்காரர்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நல்ல மனத்தோடுதான் பார்த்தார்கள். எனக்கோ சட்டை போடாமல் கோயிலுக்கு வந்தவன் போல இருந்தது.

சண்டைக்கால ஊரடங்கு நாட்களில் உம்மைப் பிரசவத்துக்குக் கூப்பிட்டு ஆள் வரும். நான் கூட வர ஏலாது. இரண்டு பேர் போனால் சந்தேகம். மருத்துவமாது தனியே போனால் விடுவார்கள். சைக்கிளை வெளியே எடுக்கும்போது உமது நெற்றியில் ஒரு சிலுவை போடுவேன். என்னிடம் தருவதற்கு வேறொன்றும் இருக்கவில்லை. சண்டை முடிந்த பிறகும், நீர் லதுஷாவிடம் போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இதை லதுஷாவுக்குக்கூட நாங்கள் சொன்னதில்லை. அதைத்தான் இப்போது ஊர் பார்த்துச் சிரிக்கிறது.

அந்தப் பிரசங்கத்துக்குப் பிறகு போனைக் கையில் எடுத்தால் விரல் மடங்கிக்கொள்கிறது. யாரோ பார்க்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு சிலுவை போட்டால் அது நாடகம். உமக்கு நாடகம் போட எனக்கு மனமில்லை.

லதுஷாவிடம் அந்த வீடியோவை அழிக்கச் சொல்லும். அவளோடு நான் இப்போது கதைப்பதாக இல்லை.

இப்படிக்கு,
யேசுரட்ணம்

பி.கு: முழங்காலில் அந்தத் துணியைக் கட்டிக்கொண்டு படிகளில் ஏறி இறங்காதேயும். லிப்ட் இருக்கிறதுதானே.


ஸ்காபரோ.
05 மார்ச் 2025
விபூதிப் புதன்

லதுஷா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை லதுஷாதான் கீழே தபால் பெட்டியிலிருந்து எடுத்து வந்தாள். "அம்மா, இந்தக் காலத்தில முத்திரை ஒட்டி ஒரு கடிதம்!" என்று துள்ளினாள். தன்னோடு கோபம் என்று அதில் எழுதியிருப்பது அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். என் முழங்கால் நோவைப் பற்றி நான் உங்களுக்கு ஒரு நாளும் சொல்லவில்லை. சொன்னால் நித்திரை கொள்ளமாட்டீர்கள் என்று மறைத்தனான். உங்களுக்கு எப்படித் தெரியும்?

இன்று காலை கோயிலுக்குப் போய் வந்தேன். நல்ல பனி. வரிசையில் நின்று சாம்பல் வாங்கினேன். பாதர் முகம் பார்க்காத ஒரு இளைஞர். அவருடைய பெருவிரல் என் நெற்றியில் பட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. என் பாவங்களை நினைத்து அழுகிறேன் என்று பக்கத்து மனுசி நினைத்திருப்பா. நினைக்கட்டும். எத்தனையோ நாளுக்குப் பிறகு என் நெற்றியில் பட்ட முதல் விரல் அது.

அரைச் சிலுவை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் நீங்கள் வெட்கப்பட்டு நிறுத்திப்போடுவீர்கள். உங்களுக்கு அங்கே இரவுச் செபம் முடிகிற நேரம் எனக்கு இங்கே காலை. லதுஷாவும் மருமகன் அஞ்சலோவும் வேலைக்குப் போய்விடுவார்கள். நம் பேத்தி சின்னவள் பால் குடித்துக்கொண்டிருப்பாள். உங்கள் விரல் வரும், திரை கறுக்கும். மிச்சக் கோட்டை நானே இழுத்துக்கொள்வேன். அதற்குப் பிறகுதான் எனக்கு நாள் திறக்கும்.

இனி மறைக்க ஏலாது. சொல்கிறேன்.

அந்த வீடியோவை எடுத்தது லதுஷா இல்லை. நான்.

நவம்பர் வெள்ளத்தில் அங்கே கரண்டும் இல்லை, லைனும் இல்லை என்று நீங்கள் பல நாள் வராமல் இருந்தீர்களே. உயிரோடு இருக்கிறீர்களா என்று அறியாமல் நான் பட்ட பாடு அந்தோனியாருக்குத்தான் தெரியும். இனி ஒரு முறை அப்படி வந்தால் பார்த்துக்கொள்ள ஒன்று வேண்டும் என்று, லதுஷாவின் பழைய போனை சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து, உங்கள் விரல் வருவதைப் பிடித்து வைத்தேன். எனக்காக மட்டும்.

பிறகு ஒரு நாள் லதுஷாவுக்குக் காட்டினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அழுதாள். "அம்மா, இதைப் போடட்டா?" என்று கேட்டாள். கேட்காமல் போடவில்லை. "போடு" என்று சொன்னது நான்தான்.

ஏன் சொன்னேன் என்று நீங்கள் கேட்பீர்கள். இங்கே நான் யார்? தோப்பூரில் உம்மு குல்சும் என்னை எங்கே கண்டாலும் விடமாட்டா. "மிஸ், இந்தா பாருங்க, நீங்க பிடிச்ச புள்ள" என்று மீசை முளைத்த ஒருவனை இழுத்து வந்து காட்டுவா. இங்கே லிப்ட்டில் ஏறினால் எல்லோரும் இலக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நானும் இலக்கத்தைப் பார்ப்பேன். பிள்ளை பார்க்க வந்த ஒரு கிழவி, அவ்வளவுதான். அந்த வீடியோ வெளிவந்த வாரம், லிப்ட்டில் ஒரு தமிழ்ப் பிள்ளை என் கையைப் பிடித்து, "அன்ரி, நீங்கள்தானே அந்தச் சிலுவை அம்மா? குடுத்து வைச்சனீங்கள்" என்றது. எனக்கும் ஒருவர் இருக்கிறார் என்று யாராவது பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டுவிட்டேன். அதுதான் நடந்தது.

இரண்டு மாவட்டத்துக் குடும்ப இரகசியங்களை வயிற்றுக்குள் வைத்திருந்தவள் நான். யாருக்கு எந்த மாதம் நாள் தள்ளியது என்று நீங்கள் கேட்டால்கூடச் சொன்னதில்லை. என்னுடையதை என்னால் வைத்திருக்க ஏலாமல் போய்விட்டது.

பிள்ளையோடு கோபிக்காதேங்கோ. போனை எடுங்கோ. அரைச் சிலுவை என்றாலும் காணும்.

அன்புடன்,
அஞ்சலினா


உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
30 மார்ச் 2025

அஞ்சலினா,

கடிதம் கிடைத்தது. வாசித்தேன். மறுநாளும் வாசித்தேன்.

பிழை பிள்ளையுடையது என்று இருந்தவரை எனக்கு இலகுவாக இருந்தது. பிள்ளைகளுக்குத் தெரியாது என்று சொல்லிவிடலாம். உமக்குத் தெரியும்.

முழங்காலைப் பற்றிக் கேட்டீர். இராசையா அதைக் காட்டிய மறுநாளே ஸெய்னுதீன் மாஸ்டரின் மகன் ஸாஜித் என் போனில் எனக்கு ஒரு கணக்குத் திறந்து தந்தான். என் பெயர் இல்லை, முகம் இல்லை. லதுஷா போடுகிற எல்லாவற்றையும் அதில் பார்க்கிறேன். ஓம், ஒவ்வொரு நாளும்.

இப்போது வேறொன்றும் எழுத ஏலாது. முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கிப் பூசும்.

யேசுரட்ணம்


ஸ்காபரோ.
24 ஏப்ரல் 2025

லதுஷா அப்பாவுக்கு,

கட்டிடத்தின் நிலக்கீழ் அறையில் இருந்து இதை எழுதுகிறேன். இங்கேதான் எல்லா வீட்டுக்காரருக்கும் உடுப்புத் தோய்க்கும் மெசின்கள் இருக்கின்றன. மெசின் சுற்றுகிற சத்தத்தில் யாரும் யாரோடும் கதைப்பதில்லை. மேலே எனக்கு இடமில்லை. சின்னவள் விழுந்துவிடுவாள் என்று கூடத்தில் ஒரு கமரா பூட்டியிருக்கிறார்கள். லதுஷா வேலையிலிருந்து அதில் பார்ப்பாள். நான் சோறு தீத்திக்கொண்டிருக்கும்போது சுவரிலிருந்து அவளுடைய குரல் வரும்: "அம்மா, அவளுக்குத் தண்ணி குடுங்கோ." முதல் நாள் நான் கோப்பையைக் கீழே போட்டுவிட்டேன்.

ஆக, அந்தக் கப்பல் படக்காரன் நீங்கள்தானா!

லதுஷா போடுகிற சில படங்கள் ஒரு நாளில் மறைந்துவிடும். அவற்றை யார் யார் பார்த்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதில் பெயருக்குப் பதிலாக ஒரு கப்பல் படம் மட்டும் உள்ள ஒருவர் எப்போதும் முதலாவதாக நிற்பார். "அம்மா, உங்களுக்கு ஒரு இரகசிய ரசிகன் இருக்கிறான். பாவம், ஆருக்கும் ஒரு சொல்லும் எழுதமாட்டான்" என்று பகிடி பண்ணுவாள். யாரோ வேலை இல்லாத கிழவன் என்று நானும் சிரித்திருக்கிறேன். அது சரியாகத்தான் இருந்திருக்கிறது.

ஆகவே பூரணியிடம் பதிலைத் திருத்தத் தேவையில்லை, சேர். நீங்கள் பார்த்தது இங்கேயும் தெரிந்திருக்கிறது.

சிரிக்கிறேன் என்று நினைக்காதேங்கோ. எனக்குக் கோபம். நான் போனில் "சுகமாயிருக்கிறன்" என்று சொன்னபோது நீங்கள் "நல்லது" என்று சொன்னீர்கள். ஆனால் முழங்காலில் துணி கட்டியிருந்ததைக் கண்டுவிட்டுத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறீர்கள். நான் பொய் சொல்வதை இருந்து பார்த்திருக்கிறீர்கள். என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே. நான் காட்டினேன், அது என் பிழை. நீங்கள் ஒளித்து நின்று பார்த்தீர்கள். இரண்டையும் ஒரே தட்டில் வையுங்கோ.

இனி நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் முதல் கடிதம் என் தலையணைக்குக் கீழே இருந்தது. கட்டில் விரிக்க வந்த லதுஷா அதை எடுத்துவிட்டாள்.

"அம்மா, அப்பாவின்ர எழுத்தைப் பாருங்கோவன்! அச்சடிச்ச மாதிரிக் கிடக்கு. ஒரேயொரு போட்டோ எடுக்கட்டா? உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு தெரியாத மாதிரி, முதல் வரி மட்டும்."

"வேண்டாம்."

"ஏனம்மா? ஆக்கள் எவ்வளவு சந்தோசப்படுவினம்."

"ஆக்களுக்குச் சந்தோசம் வேணுமெண்டா அவையவை தங்கட புருசன்மாருக்கு எழுதட்டும். இஞ்ச தா."

அவள் தரவில்லை. விளையாட்டுக்குத்தான் கையை உயர்த்திப் பிடித்தாள். நான் பறித்தேன். ஒரு மூலை கிழிந்தது. கடிதத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நின்றேன். பெற்ற பிள்ளையின் முன்னால் நான் அப்படி நின்றது அதுதான் முதல் தரம்.

அவள் முகம் சுருங்கிப்போனது. "நான் என்ன, கூடாததையோ ஆக்களுக்குக் காட்டினனான்? அன்பைத்தானேயம்மா காட்டினனான்."

"ஓம் பிள்ளை, அன்புதான். ஆனா அது எங்கட."

"அப்ப நான் ஆர்?"

அவள் கையைப் பிடித்தேன். கட்டிலில் இருத்தி, அந்தச் சிலுவை எங்கே தொடங்கியது என்று சொன்னேன். ஊரடங்கு, சைக்கிள், தோப்பூர்ப் பாதை எல்லாம். அவள் வாயில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். "இது தெரிஞ்சிருந்தா நான் சிரிச்சு எழுதியிருக்கமாட்டன்" என்றாள். அங்கேயே இருந்து அந்த வீடியோவை அழித்துவிட்டாள். ஆனால் பிரயோசனமில்லை. யாரோ அதைப் பிரதி எடுத்து, பின்னணியில் வயலின் வைத்து, வேறு பெயரில் ஓட விட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து அவளும் அழுதாள். "அம்மா, நாள் முழுக்க வேலையில நான் ஒருத்தரோடயும் ஒரு நல்ல கதை கதைக்கிறேல்லை. அந்தப் பக்கத்திலதான் எனக்கு ஆக்கள் இருக்கினம்" என்றாள். அவளும் தனிதான் என்பதை நான் பார்க்கவில்லை.

பின்னேரம் அவள் தானாகவே கூடத்துக் கமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். மறுநாள் காலையில் பழையபடி எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. பயம் விடாது.

செப்டெம்பரில் சின்னவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்குவாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் நிற்கமாட்டேன் என்று லதுஷாவிடம் சொல்லிவிட்டேன். அவள் ஓம் என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

செப்டெம்பர் தூரம். ஒவ்வொரு காலையும் அந்த நேரத்துக்கு மேசையில் போனை வைத்துக்கொண்டு இருக்கிறேன். பழக்கம். மெசின் நிற்கிறது, உடுப்பு எடுக்க வேண்டும். உங்களுக்குக் கோபம் ஆறாவிட்டாலும் பரவாயில்லை. ஒன்றை மட்டும் எழுதுங்கோ. அந்தச் சிலுவையை நான் ஊருக்குக் கொடுத்துவிட்டதால் அது என்னை விட்டுப் போய்விட்டதா?

அஞ்சலினா


உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
21 மே 2025

என் அன்பான அஞ்சலினாவுக்கு,

இல்லை. போகவில்லை. நீர் தேடக்கூடாது என்பதற்காக அதை முதல் வரியிலேயே எழுதினேன்.

உமது கடிதம் வந்த அன்று ஸெய்னுதீன் மாஸ்டரும் வந்திருந்தார். முத்திரையைப் பார்த்துவிட்டு, "என்ன, மனிசி திட்டி எழுதியிருக்கிறாவா?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அல்ஹம்துலில்லாஹ். இனி என்ர போனுக்கு எடுக்கமாட்டா" என்று சொல்லித் தேத்தண்ணீர் கேட்டார்.

திட்டியது சரிதான். நான் ஒளித்து நின்று பார்த்தேன். எதைப் பார்த்தேன் என்று சொல்கிறேன். லதுஷா ஒரு நாள் கத்தரிக்காய்ப் பால்கறி வைத்துக் காட்டினாள். கறியை யார் பார்த்தது? அவளுக்குப் பின்னால், ஜன்னலோரம், நீர் கதிரையில் இருந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தீர். கமரா தன் பக்கம் திரும்பியிருப்பது உமக்குத் தெரியாது. ஒரு பெருமூச்சு விடுகிற நேரம்தான். பிறகு லதுஷாவின் தோள் மறைத்துவிட்டது. அந்த இடத்துக்கே திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தேன். போனில் என்னைப் பார்த்துச் சிரிக்கிற அஞ்சலினாவைவிட, நான் பார்ப்பது தெரியாமல் இருக்கிற அஞ்சலினா எனக்கு அதிகம் சொந்தம் போல இருந்தது. அங்கேதான் நான் பிழை விட்டேன். உம்மைக் கேட்காமல் எடுத்தது எப்படி எனக்குச் சொந்தமாகும்? ஊர் என் விரலைப் பார்த்தது என்று கோபித்துக்கொண்டு, ஊரோடு ஊராக நின்று நான் உமது முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸாஜித்திடம் சொல்லி அந்தக் கப்பலை அழித்துவிட்டேன். "ஏன் மாமா, நல்லாத்தானே ஓடிச்சு?" என்றான். அழிப்பதற்கு முன்னால் ஜன்னலைக் கடைசியாக ஒரு தரம் பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். இனிப் பார்க்க வேண்டும் போல இருந்தால் உம்மிடம் கேட்பேன். "அஞ்சலினா, ஜன்னலோரம் இரும்" என்று கேட்பேன். இல்லை என்று சொல்ல உமக்கு உரிமை உண்டு.

பரவிப்போனதைத் திரும்ப எடுக்க ஏலாது என்று லதுஷா அழுததாக எழுதியிருந்தீர். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் காட்டிவந்த ஒரு சோதனை உண்டு. கண்ணாடிக் குவளையில் தண்ணீர் எடுத்து ஒரு கொண்டிஸ் பளிங்கைப் போடுவேன். ஊதா நிறம் நூல் நூலாக இறங்கி, கொஞ்ச நேரத்தில் குவளை முழுவதும் பரவிவிடும். "இனி இதைத் திரும்பப் பொறுக்குங்கோ பாப்பம்" என்பேன். ஒரு பிள்ளையாவது கரண்டி கொண்டு வரும். பொறுக்க ஏலாது என்பதுதான் பாடம். ஆனால் அதற்குப் பிறகு வகுப்பு அந்தக் குவளையைப் பார்த்து அழுதுகொண்டிருப்பதில்லை. குவளையைக் கழுவுவோம், வேறு தண்ணீர் எடுப்போம். குழாயில் தண்ணீர் வருகிறதுதானே.

ஊர் மறந்தும்விட்டது. போன வாரம் பஸ் நிலையத்தில் ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று கண்டிக்குப் போகிற பஸ்ஸில் ஏறி, கொண்டக்டரின் சீற்றுக்குப் பக்கத்தில் போய் நின்றதாம். யாரோ படம் எடுத்துவிட்டார்கள். இராசையா இப்போது மீன் வாங்க வருகிற எல்லோரிடமும், "மானுக்கு ரிக்கட் எடுத்தாச்சோ?" என்று கேட்கிறான். என்னைக் கண்டால் பாரையின் விலையை மட்டும் சொல்கிறான். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது, பாரும்.

அவர்கள் என்னத்தைக் கண்டார்கள் என்று நான் நெடுநாள் யோசித்தேன். ஒரு பெருவிரலைக் கண்டார்கள். தோப்பூர்ப் பாதையில் நீர் சைக்கிள் விளக்கை அணைத்துவிட்டுப் போனதைக் காணவில்லை. நான் வாசலில் நின்று, சைக்கிள் சங்கிலியின் சத்தம் கேட்காத தூரம் வரை எண்ணிக்கொண்டு நின்றதைக் காணவில்லை. விடிய நீர் திரும்பி வந்து, சேலையில் இரத்தத்தோடு படியில் இருந்து, "பொம்பிளைப் பிள்ளை" என்று சொன்னதைக் காணவில்லை. நீர் கொடுத்தது விரலை. மற்றது உம்மிடமும் என்னிடமும்தான் இருக்கிறது. இப்போது லதுஷாவிடமும் இருக்கிறது. அவளிடம் இருக்க வேண்டியதுதான். "அப்ப நான் ஆர்?" என்று கேட்டாளே, அதை வாசித்தபோது எனக்குக் கடிதத்தைக் கீழே வைக்க வேண்டி வந்தது. அவளுக்குத் தனியே எழுதியிருக்கிறேன். இந்த உறைக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறேன். நீர் வாசிக்காமல் கொடுத்துவிடும்.

சிலுவையைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இனி அதைக் கண்ணாடிமேல் போடமாட்டேன். கோபத்தால் இல்லை. அது நெற்றிக்கு உரியது. செப்டெம்பரில் நெற்றி வரும்.

அதுவரைக்கும் இப்படிச் செய்வோம். வழமையான நேரத்துக்கு எடுப்பேன். கமராவைத் திறக்கமாட்டேன், நீரும் திறக்க வேண்டாம். சின்னவளைக் கூட்டிக்கொண்டு அந்த மெசின் அறைக்குப் போய்விடும். அங்கே சுவரிலிருந்து ஒருவரும் கதைக்கமாட்டார்கள். நான் சிலுவைச் செபத்தின் சொற்களைச் சொல்லுவேன், மெல்ல, இடைவெளி விட்டு. உமது பெருவிரலால் உமது நெற்றியில் நீரே போட்டுக்கொள்ளும். குறுக்குக்கோடு முடியும்வரை நான் போனை வைக்கமாட்டேன்.

வீடு இப்போது எப்படி இருக்கிறது என்றால், உமது பக்கத்து ஜன்னலைத் திறந்து வைக்கிறேன், திறந்த பிறகு அதனோரம் இருந்து பார்க்க ஆளில்லை. அலுமாரியில் உமது சேலைகளை வெயிலில் போட்டு எடுத்தேன். அவசரப்பட்டு மடித்துவிட்டேன், உமது மடிப்பு வரவில்லை. நீர் வந்து திருத்தும்.

கடைசியாக ஒன்று. நேற்றுப் பின்னேரம் துறைமுகப் பக்கம் நடக்கப் போனபோது ஒன்றைக் கண்டேன். நல்ல காட்சி. வீட்டுக்கு வந்ததும் உமக்கு எழுதத்தான் பேனையை எடுத்தேன். பிறகு மூடி வைத்துவிட்டேன். ஸெய்னுதீன் மாஸ்டருக்கும் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருப்பது முதலில் வாய்க்குள் தோடம்பழ விதை கிடப்பது போல இருந்தது. இன்று காலை எழுந்தபோது அது அங்கேயே இருந்தது. உமக்காக வைத்திருக்கிறேன் என்ற எண்ணத்தோடு ஒரு முழு நாள் போயிற்று, அஞ்சலினா. அந்த நாளில் நான் தனியாக இருக்கவில்லை.

நீரும் செய்து பாரும். நாளைக்கு நீர் காண்கிற நல்லது ஒன்றைப் படம் எடுக்காமல், ஒருவருக்கும் சொல்லாமல், எனக்கும் எழுதாமல், என் பக்கத்தில் வந்து இருக்கும்வரை வைத்திரும்.

உம்முடைய,
யேசுரட்ணம்